மணலேரியை விழுங்கியது யார்?

அத்தியாயம் 6

சைக்கிளைத் திருடலாம். கோழியைத் திருடலாம். நாற்பத்தேழு ஏக்கர் ஏரியைத் திருட வேண்டுமென்றால் மட்டும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும்.

அதனால்தான் எல்லோரும் டாக்டர் உத்தமனைச் சந்தேகப்பட்டார்கள். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை அவரைவிட அதிகம் படித்தவர் கிடைக்கவில்லை.

1988 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்குத் துப்பறியும் லோகநாயகி பூந்தமல்லிக் கடைத்தெருவில் ஸ்கூட்டரின் பின் சீட்டிலிருந்து இறங்கினாள். நாற்பத்தாறு வயது. டெலிபோன் ஆபரேட்டராகப் பதினெட்டு வருடம் இருந்தவள், அடுத்தவர் பேச்சைக் கேட்காத மாதிரிக் கேட்பதில் கைதேர்ந்தவள். ஸ்கூட்டரை ஓட்டி வந்தவன் அவளுடைய உதவியாளன் சாதுல்லா, உள்ளூர்க்காரன். மயில் கழுத்து நீலத்தில் பளபளவென்று ஒரு சட்டை போட்டிருந்தான். நேற்றிலிருந்து அந்தச் சட்டையால் அவனுக்கு மனக்கஷ்டம்.

"தங்கச்சி நிக்காஹுக்கு எடுத்த சட்டைக்கா. தெருவே திரும்பிப் பார்க்குது. அந்த உத்தமன் புரொபசர் இன்னா சொன்னாரு? 'அந்தச் சாம்பல் சட்டைத் தம்பிக்கும் காபி குடு'ன்னாரு. இது சாம்பலாக்கா?"

"காபி குடுத்தாரில்ல, விடு."

"காபி நல்லாத்தான் கீது. மனசு ஆறலியே."

விவகாரம் இதுதான். பாரிவாக்கத்துக்குப் பின்னால் மணலேரி என்று ஓர் ஏரி. மழை பொய்த்து இரண்டு மூன்று வருடமாகக் காய்ந்து கிடந்தது. அதில் ஒரு ரியல் எஸ்டேட்காரர் வெள்ளைக் கல் நட்டு மனை பிரித்துவிட்டார். ஊரார் கேட்டதற்கு அரசாங்க வரைபடத்தின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினார். அதில் ரோடு இருந்தது, ரயில் பாதை இருந்தது, ஏரி மட்டும் இல்லை. கீழே 'அசலுடன் ஒப்பிட்டேன், சரியாக உள்ளது' என்ற வரியும், வரைபட இயக்குநர் டாக்டர் உத்தமனின் கையெழுத்தும், ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன.

உத்தமன் வாழ்நாள் முழுக்க வரைபடத்தோடு குப்பை கொட்டியவர். பூகோள விரிவுரையாளராக ஆரம்பித்து, இந்த மாவட்டத்து ஏரிகளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கரையையும் சங்கிலி பிடித்து நடந்தே அளந்து டாக்டர் பட்டம் வாங்கினார். பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவரை அரசாங்கம் கூப்பிட்டு, மாவட்ட வரைபடத் திட்டத்துக்கு இயக்குநராக்கியது. வந்த புதிதில் ஒரு பெரிய அதிகாரி படத்தில் ஓர் ஓடையைக் காட்டி, 'கோணல்மாணலாக இருக்கிறது, கொஞ்சம் நேராகப் போடுங்கள்' என்று குறிப்பு அனுப்பினாராம். 'முதலில் ஓடையை நேராக்குங்கள், மறுநாளே வரைந்து தருகிறேன்' என்று உத்தமன் பதில் எழுதினார். பதவி உயர்வு நான்கு வருடம் தள்ளிப்போனது. ஓடை இன்றும் கோணல்தான்.

அப்படிப்பட்ட மனிதர், கையெழுத்து தன்னுடையதில்லை என்று போலீசில் புகார் கொடுத்தார். காரணமும் வலுவாகத்தான் இருந்தது. கெஜட்டட் அதிகாரிகள் சான்றொப்பத்தைப் பச்சை மையில் போடுவது வழக்கம். பதினொரு வருடமாக உத்தமன் வேறு மையில் போட்டதில்லை. ரியல் எஸ்டேட்காரர் நீட்டிய தாளில் இருந்ததோ நீல மை. ஆகவே போலி.

போலி என்றால் போட்டவன் ஒருவன் வேண்டுமே. ரப்பர் ஸ்டாம்பு இருக்கும் தோல் பையைத் தினமும் உத்தமன் வீட்டுக்கும் ஆபீசுக்கும் தூக்கிப் போகிறவர் படவரைவாளர் கோவிந்தராஜ். சப்-இன்ஸ்பெக்டர் குணசேகரன் நேற்று மாலை அவரை அழைத்துப் போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார். இன்று நான்கு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார். ரிமாண்ட் ஆனால் வேலை போன மாதிரிதான். கோவிந்தராஜுக்கு இரண்டு பெண்கள், இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயசு. ஆனாலும் அவர் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

லோகநாயகியை நியமித்தவர் உத்தமன். போலியை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஜெராக்ஸ் கடை பஷீருதீன் மெஷின் மூடியைத் திறந்து வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லோகநாயகி பையிலிருந்து அசல் வரைபடத்தை எடுத்துக் கொடுத்தாள். சிவப்பில் ரோடு, கறுப்பில் ஊர்ப்பெயர், இளநீலத்தில் மணலேரி. ஏரியின் பெயரும் இளநீலம்தான். தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் நீலத்தில் அச்சடிப்பது வரைபடக்காரர்களின் முறை.

"இதை ஒரு காப்பி எடுங்க பாய்."

மெஷின் உறுமியது. வெளிச்சம் ஒரு தடவை போய் வந்தது. சூடாகத் தாள் வெளியே வந்தது. ரோடு இருந்தது. ஊர் இருந்தது. ஏரிக்கரைக்குக் கறுப்பில் போட்ட வளைந்த கோடு இருந்தது. ஏரி இல்லை.

"ஏரி எங்க பாய்?"

"அது வராதும்மா. இளநீலம் இந்த மெஷினுக்குத் தெரியாது, வெள்ளைன்னு நெனைச்சிக்கும். ரூல் நோட்டைக் குடுங்க, கோடெல்லாம் காணாமப் பூடும்."

சாதுல்லா தாளைத் திருப்பிப் பார்த்தான். "நாப்பத்தேழு ஏக்கரைக் குடிச்சிட்டு ஒரு ஏப்பம்கூட உடலியே உங்க மெஷினு."

"இதே மேப்பை வேற யாராவது எடுத்தாங்களா பாய்?"

பஷீருதீன் யோசிக்கவே இல்லை. "வந்தாரும்மா ஒருத்தர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைச் செருப்பு. மொதக் காப்பியைப் பார்த்துட்டு என்கிட்ட சண்டை. 'இன்னா பாய், ஏரியைக் காணோம், ஒயுங்கா எடு'ன்னாரு. வராதுன்னு சொன்னேன். அந்தப் பேப்பரையே பார்த்துகினு நின்னாரு. அப்பால மெதுவா ஒரு சிரிப்பு சிரிச்சாரு. அப்பால, 'இன்னும் அஞ்சு குடு'ன்னாரு."

ஏரியை யாரும் அழிக்கவில்லை. பாதி கேஸ் பத்தே கால் மணிக்கு முடிந்துவிட்டது. லோகநாயகிக்கு அது பிடிக்கவில்லை. சீக்கிரம் முடிகிற கேஸை அவள் நம்புவதில்லை.

பாரிவாக்கத்தில் வெள்ளைச் செருப்புக்காரர் ஏரிக்கு நட்ட நடுவே கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தார். பெயர் சின்னப்பையன். வயது ஐம்பத்தெட்டு. எதிரே வெள்ளைக் கற்கள் வரிசையாக நின்றன. கற்களுக்கு நடுவே நான்கு கொக்குகளும் நின்றன. அவை வரைபடத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"அது என்னங்க, ஒரு ரோடு மட்டும் இவ்வளவு உசரமா, வளைஞ்சு போகுது?" என்றாள் லோகநாயகி.

"படத்துல அப்டித்தாம்மா கீது. எம்பதடி வளைவு ரோடு."

"அது ஏரிக்கரைங்க."

"இப்ப ரோடு" என்றார் சின்னப்பையன். "யம்மா, சுத்தி வளைக்காதே. கையெயுத்தைப் பத்தித்தானே கேக்க வந்த? போலின்றாங்க. சத்தியமா இல்ல. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அவரு ஊட்டுக்கே போனேன். குவார்ட்டர்ஸ் புள்ளைங்க எல்லாம் மார்க் ஷீட்டைத் தூக்கிகினு கியூவுல நிக்குது. நானும் நின்னேன். அசலையும் காப்பியையும் குடுத்தேன். பூதக்கண்ணாடி வச்சி பத்து நிமிசம் ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. மாட்னோம்டான்னு நெனைச்சேன். சரியா கீதுன்னு போட்டுக் குடுத்துட்டாரு! பைல இருந்த சாத்துக்குடியைக்கூட நீட்டினேன், தொடலை."

"இதை ஏன் சப்-இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே. சிரிச்சாரு." சின்னப்பையனின் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "இந்தத் தொயில்ல இருவது வருசமா கீறேன். மொத மொதல்ல ஒரு உண்மையைச் சொன்னா, அதை எவனும் வாங்க மாட்றான்."

ஸ்கூட்டர் அம்பத்தூரைப் பார்த்துத் திரும்பியது. ஆவடி தாண்டியதும் லோகநாயகி கேட்டாள்.

"சாதுல்லா, நீ புரொபசர் கையெழுத்தைப் போலியா போடணும்னு வச்சுக்கோ. முதல்ல என்ன பண்ணுவே?"

"அவர் கையெயுத்தைப் பார்த்து பத்து நாள் பழகுவேன்."

"அப்புறம்?"

"பேனா வாங்குவேன்."

"என்ன கலர்?"

சாதுல்லா பிரேக் போட்டான். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர் அவனுடைய பரம்பரையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்.

"பச்சைக்கா. பச்சை இல்லாம எவன் போடுவான்? ஊருக்கே தெரியும் அவரு பச்சைன்னு. கோவிந்தராஜுக்குத் தெரியாதா?"

"ஆமா. தப்பான மையில போலிக் கையெழுத்து போடற முட்டாள் கிடையாது. தப்பான மையில தன் கையெழுத்தைப் போடற ஆள் இருக்கலாம், அதைப் பச்சைன்னு நினைச்சுக்கிட்டு. உன் சட்டை என்ன கலர்?"

"சாம்பல்" என்றான் சாதுல்லா வெறுப்பாக. அப்புறம் வாயை மூட மறந்துவிட்டான்.

உத்தமனின் வீட்டில் சுவர் முழுக்க வரைபடங்கள். மேஜையில் பித்தளைப் பேனா தாங்கி. இடது பக்கம் நீலம், வலது பக்கம் பச்சை. அவருடைய மனைவி கஸ்தூரி காபியோடு வந்தாள். சாதுல்லா அலமாரியைப் பார்க்கிற மாதிரி மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது இடது பேனா வலதிலும் வலது பேனா இடதிலும் இருந்தன.

"சின்னப்பையன் உங்ககிட்ட வந்ததா சொல்றார் சார்."

"வந்தார்" என்றார் உத்தமன். மறைக்கவில்லை. "அசலோட வந்தார். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏரி இருந்தது. பச்சையில கையெழுத்து போட்டேன். அவர் இப்ப காட்டறது அந்தத் தாள் இல்லைம்மா. ஏரி இல்லாத ஒண்ணை யாரோ தயார் பண்ணி, நீல மையில என் கையெழுத்தைப் போட்டிருக்காங்க. கோவிந்தராஜ் அப்படிப் பண்ணுவான்னு நம்ப முடியலை. ஆனா ஸ்டாம்பு வேற யார் கையிலயும் இல்லையே."

"ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரிக் கையெழுத்து வேணும் சார். பச்சையில."

உத்தமன் கையை நீட்டினார். கை வழக்கமான இடத்துக்குப் போய், வலது பக்கத்துப் பேனாவை எடுத்தது. தேதி போட்டார், பெயரெழுதினார், கீழே ஒரு கோடும் இழுத்தார். தாளை லோகநாயகி பக்கம் திருப்பி வைத்தார்.

"பார்த்துக்குங்க. என் பச்சை இது. அந்த நீலத்தோட வச்சுப் பாருங்க, வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்."

தாளில் நீல எழுத்து ஈரமாக மின்னியது. கஸ்தூரி முதலில் தாளைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள், காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, இது நீலங்க."

உத்தமன் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். ஜன்னலுக்கு எடுத்துப் போனார். பூதக்கண்ணாடியை வைத்தார். இரண்டு பேனாக்களையும் மாற்றி மாற்றிக் கிறுக்கிப் பார்த்தார். இரண்டு கிறுக்கலும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. அது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"அவர் வந்த ஞாயித்துக்கிழமை நான் மேஜையைத் துடைச்சேன்" என்றாள் கஸ்தூரி. "பேனாவை மாத்தி வச்சுட்டேன் போலிருக்கு, அடுத்த தடவை துடைச்சப்ப பழையபடி திரும்பிடுச்சு. எத்தனை நாளா உங்களுக்கு இப்படி?"

"ரெண்டு வருஷமா வெயில் கொஞ்சம் மஞ்சளா அடிக்குது. கண்ணாடி மாத்தணும்னு நினைச்சேன்." பிறகு லோகநாயகியைப் பார்த்தார். "ஆனா ஏரி இருந்ததும்மா. ரெண்டு தாள்லயும் இருந்தது. நான் பார்த்தேன்."

"கரைக்கோட்டைப் பார்த்தீங்க சார். ஏரி உங்க ஞாபகத்துல இருந்தது. கண்ணுல புரை விழுந்தா முதல்ல போறது நீலம்தான், எங்கம்மாவுக்கும் அப்படித்தான் போச்சு."

லோகநாயகிக்கு வருத்தமாக இருந்தது. ஒரு கேஸைக் கண்டுபிடித்துவிட்டு வருத்தப்படுவது அவளுக்கு வழக்கமில்லை. அதனால் அடுத்ததைச் சட்டென்று சொல்லி முடித்தாள்.

"உங்களுக்காகத்தான் நான் வேலை பார்க்கறேன். நான் வாயைத் திறக்கணும்னு கட்டாயமில்லை. நீல மையை வச்சே உங்க பேர் தப்பிச்சிடும். இன்னும் ஆறு மாசத்துல ரிடையர் ஆயிடுவீங்க. மாலை போட்டு வழியனுப்புவாங்க. கோவிந்தராஜ் நாலு மணிக்குப் போயிடுவார். இப்ப மணி ரெண்டே முக்கால்."

"உண்மையைச் சொன்னா?"

"ரெண்டு வருஷமா நீலம் தெரியாத ஒருத்தர் இந்த மாவட்டத்து மேப்பை எல்லாம் சரி பார்த்தார்னு ஆயிடும் சார்."

உத்தமன் சுவரைப் பார்த்தார். அங்கே அவர் போட்ட படங்கள் முப்பது வருடத்துக்கு வரிசையாகத் தொங்கின. அவருக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்கத் தெரியாத மனிதர் அவர்.

"கஸ்தூரி, என் செருப்பு எங்கே?" என்றார்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் குணசேகரன் எழுந்து நின்று வரவேற்றார். உத்தமன் உட்காரவில்லை. பெஞ்சின் மூலையில் கோவிந்தராஜ் கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உத்தமன் அவர் பக்கம் பார்க்காமல், வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் முழுவதையும் சொன்னார். மெஷின், பேனா, புரை, ஞாயிற்றுக்கிழமை, ஒன்றையும் விடவில்லை.

"அந்தச் சான்று செல்லாதுன்னு இன்னிக்கே பஞ்சாயத்துக்கு எழுதறேன். இன்னொண்ணு. ரெண்டு வருஷத்துல என் கையெழுத்தோட பதினோரு மேப் ஷீட் அச்சாயிருக்கு. அந்தப் பதினொண்ணையும் திரும்ப வாங்கணும்னு டிபார்ட்மென்ட்டுக்குச் சொல்லப் போறேன். அதுல எத்தனை ஏரியை விட்டேனோ, எனக்கே தெரியாது."

"வோணாம் சார்."

நேற்று மாலையிலிருந்து அந்தப் பெஞ்சிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. கோவிந்தராஜ் எழுந்து நின்றுவிட்டார்.

"பதினொண்ணும் கரீட்டா கீது சார். நீங்க மதியம் சாப்பிடப் போற நேரத்துல நீலத்துக்குன்னு கீற ஷீட்டை மட்டும் தனியா எடுத்து வச்சி நான் பார்த்துட்டேன். மூணு ஏரி, ஒரு கால்வாய் உட்டுப் போயிருந்திச்சு. போட்டுட்டேன். ஆபீசுக்கு வர்றது எல்லாம் என்னைத் தாண்டித்தான் சார் போவும். இது ஊட்டுக்கு வந்துடுச்சி. எனக்குத் தெரியாமப் பூட்ச்சி."

சாதுல்லா எதையோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய மரியாதை.

"உனக்குத் தெரியுமா?" என்றார் உத்தமன். "உள்ளே போற நிலைமை வந்தும் ஏன்டா சொல்லலை?"

"இன்னான்னு சார் சொல்றது? எங்க சாருக்குக் கண்ணு தெரியாது, அதனால நான் திருடன் இல்லன்னா?"

தன் பெயரைக் காப்பாற்ற எழுதிக் கொடுத்த புகார் இவனை இங்கே உட்கார வைத்ததை நினைத்து உத்தமனுக்குக் கண் கலங்கியது. அதைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார்.

குணசேகரன் புகாரை வாபஸ் வாங்கும் வாக்குமூலத்தை எழுதி முடித்தார். தாளைத் திருப்பி வைத்தார்.

"இங்க கையெழுத்து போடுங்க சார்."

உத்தமன் பேனாவை வாங்கவில்லை. "கோவிந்தராஜ், படி."

கோவிந்தராஜ் தாளை எடுத்து, ஆபீசில் அச்சுப்படியைப் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார். "'மேற்படி நகலில் உள்ள கையெழுத்து என்னுடையதே. என் பார்வை லேசாக மங்கியிருந்த காரணத்தால்...'"

"நில்லு. 'லேசாக' வேண்டாம்."

"இருக்கட்டும் சார்" என்றார் குணசேகரன். "நானாத்தான் போட்டேன். நாளைக்கு விசாரணைன்னு வந்தா அந்த ஒரு வார்த்தை உங்களுக்கு நல்லது."

"எனக்கு நல்லதுதான். ஆனா அது தப்பு. அதை அடிச்சுடு, கோவிந்தராஜ்."

கோவிந்தராஜ் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பிறகு லோகநாயகியைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. குணசேகரனின் பேனாவை வாங்கி, ஒரு கோடு இழுத்து அந்த வார்த்தையை அடித்தார். மீதியைக் கடைசி வரை படித்தார். படித்து முடித்ததும் உத்தமன் வலது கையை நீட்டினார். கோவிந்தராஜ் அதில் பேனாவைக் கொடுத்து, கையைப் பிடித்து, தாளில் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.